எண்ணெய்க் கணக்கு: கிலோவிலிருந்து லிட்டருக்கு, லிட்டரிலிருந்து கிலோவுக்கு

செக்கில் கிலோ. மளிகைக் கடையில் லிட்டர். சூப்பர் மார்க்கெட் பாக்கெட்டில் மில்லி. சமையல் குறிப்பில் குழிக்கரண்டி. கல்யாணச் சமையல்காரர் எழுதித் தரும் சீட்டில் டின். ஒரே கடலை எண்ணெய்க்கு இத்தனை அளவு. இவற்றில் எதை எதோடு ஒப்பிட்டாலும் ஒரு மாற்றுக் கணக்கு தேவைப்படுகிறது. அது தெரியாமல் ‘ஒரு கிலோவும் ஒரு லிட்டரும் கிட்டத்தட்ட ஒன்றுதானே’ என்று விட்டுவிட்டால், ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு எண்ணெய் எங்கோ காணாமல் போகும். கணக்கு பெரிய கம்பசூத்திரம் அல்ல. எது நிலையானது, எது மாறக்கூடியது என்று பிடிபட்டால் போதும்: எடை நிலையானது, கொள்ளளவு சூட்டுக்கு ஏற்ப மாறும்.

மனதில் வைக்க வேண்டிய எண்

தண்ணீர் ஒரு லிட்டர் என்றால் ஏறத்தாழ ஒரு கிலோ. எண்ணெய் தண்ணீரைவிட லேசானது, அதனால்தான் மேலே மிதக்கிறது. நம் ஊர் வெயிலில், அதாவது 30 டிகிரி செல்சியஸ் அளவில், சமையல் எண்ணெய் ஒரு லிட்டர் சுமார் 910 கிராம் இருக்கும். ஒரு லிட்டர் பாக்கெட்டில் ‘910 கி.’ என்று அச்சடித்திருப்பது இதனால்தான்.

லிட்டரைக் கிலோவாக்க 0.91-ஆல் பெருக்க வேண்டும். கிலோவை லிட்டராக்க 0.91-ஆல் வகுக்க வேண்டும். எதைப் பெருக்குவது, எதை வகுப்பது என்பதில்தான் பலரும் குழம்புவார்கள். அதற்கு ஒரு சரிபார்ப்பு உண்டு. ஒரே எண்ணெயை எடுத்துக்கொண்டால் லிட்டர் எண் எப்போதும் கிலோ எண்ணைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். ஐந்து கிலோ வாங்கியதற்கு நாலரை லிட்டர் என்று விடை வந்தால், தலைகீழாகப் போட்டுவிட்டீர்கள் என்று பொருள்.

கால்குலேட்டர் இல்லாமல் கடை வாசலிலேயே போட இரண்டு குறுக்கு வழிகள்:

கிலோவிலிருந்து லிட்டருக்குப் போக, பத்தில் ஒரு பங்கைக் கூட்டுங்கள். 5 கிலோ என்றால் 5 + 0.5 = 5.5 லிட்டர். சரியான விடை 5.495. ஐந்து மில்லி வித்தியாசத்துக்கு யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

லிட்டரிலிருந்து கிலோவுக்கு வர, பத்தில் ஒரு பங்கைக் கழித்து, கழித்த அந்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கைத் திரும்பக் கூட்டுங்கள். 5 லிட்டர் என்றால் 5 − 0.5 = 4.5, அதோடு 0.05 கூட்டினால் 4.55 கிலோ. இது தோராயம் அல்ல, 0.91-ஆல் பெருக்கிய அதே விடை. இரண்டாவது படியை விட்டுவிடுபவர்கள் அதிகம். ஒரு லிட்டரில் அதனால் 10 கிராம்தான் தவறும், ஆனால் 15 லிட்டர் கேனில் 150 கிராம் தவறும்.

அடிக்கடி வரும் அளவுகளைச் சமையலறை அலமாரிக் கதவின் உட்பக்கம் எழுதி ஒட்டிவிடலாம். 250 மில்லி என்றால் 228 கிராம், அரை லிட்டர் 455 கிராம், 2 லிட்டர் 1 கிலோ 820 கிராம், 15 லிட்டர் 13 கிலோ 650 கிராம். மறுபக்கம் கால் கிலோ 275 மில்லி, அரைக் கிலோ 550 மில்லி, ஒரு கிலோ 1 லிட்டர் 100 மில்லி, 15 கிலோ பதினாறரை லிட்டர்.

எண்ணெய்க்கு எண்ணெய் எவ்வளவு மாறும்?

‘நல்லெண்ணெய் கெட்டி, அதனால் எடை அதிகம்’ என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். கெட்டியாக ஒழுகுவதற்கும் எடைக்கும் தொடர்பில்லை. 30 டிகிரியில் ஒரு லிட்டருக்குக் கடலை எண்ணெய் 910 கிராம் என்றால், நல்லெண்ணெய், சூரியகாந்தி, சோயா மூன்றும் 913 கிராமை ஒட்டி நிற்கும். தேங்காய் எண்ணெய் 915, கடுகு எண்ணெயும் பாமாயிலும் 906, 907. விதையின் ரகம், விளைந்த இடம் இவற்றைப் பொறுத்து ஓரிரு கிராம் இப்படியும் அப்படியும் போகும். எல்லாம் சேர்த்து வேறுபாடு ஒரு சதவீதத்துக்குள் அடங்கிவிடுவதால், வீட்டுக் கணக்குக்கு எல்லாவற்றுக்கும் 910 என்று வைத்துக்கொள்வதில் தவறில்லை.

விதிவிலக்கு விளக்கெண்ணெய். அது லிட்டருக்கு 955 கிராம் வரை இருக்கும். விளக்குக்கு, தலைக்கு, பருப்பில் பூச்சி வராமல் தடவி வைக்க என்று அதை வாங்குபவர்கள் கிலோவை லிட்டராக்கும்போது பத்து சதவீதம் கூட்டக் கூடாது, ஐந்து கூட்டினால் போதும். உருக்கிய நெய் லிட்டருக்கு 905 கிராம் அளவில் இருக்கும். ஒரு நிறுவனம் நெய்யை அரை லிட்டர் என்றும் இன்னொன்று அரைக் கிலோ என்றும் விற்றால், முதல் டப்பாவில் இருப்பது சுமார் 453 கிராம்தான். இரண்டு டப்பாவும் பார்க்க ஒரே உயரம் என்பதை நம்பிவிடாதீர்கள்.

சூடு செய்யும் வேலை

எண்ணெய் சூடானால் விரியும். ஒரு டிகிரி ஏறினால் லிட்டருக்கு ஏறத்தாழ 0.7 கிராம் குறையும். பத்து டிகிரிக்கு 7 கிராம். சிறிய எண்தான், ஆனால் இது சில்லறை வியாபாரத்தில் பெரிய விஷயமாக இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன்புவரை சில பாக்கெட்டுகளில் ‘1 லிட்டர், 60 டிகிரி செல்சியஸில்’ என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். சோயா எண்ணெய் 21 டிகிரியில் லிட்டருக்கு 919 கிராம், 60 டிகிரியில் 893 கிராம். அந்தப் பாக்கெட்டில் 893 கிராம் நிரப்பி ‘ஒரு லிட்டர்’ என்று எழுதினால் எழுத்தளவில் பொய் இல்லை. வீட்டில் 60 டிகிரியில் எண்ணெய் வைத்திருப்பவர்தான் யாருமில்லை. 2022-ல் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை இதைக் கவனித்து, வெப்பநிலையைக் குறிப்பிடாமல் கொள்ளளவைப் போட வேண்டும், கூடவே எடையையும் போட வேண்டும் என்று தயாரிப்பாளர்களுக்கு உத்தரவிட்டது. திருத்திக்கொள்ள 2023 ஜனவரி 15 வரை அவகாசம் தந்தது. பாக்கெட்டில் இரண்டு எண்ணும் இருந்தால், கிராம் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கிராம் வெயிலிலும் மாறாது, மார்கழிக் குளிரிலும் மாறாது.

சூட்டில் எண்ணெய் விரிவதன் மற்ற விளைவுகளைப் புதிதாக எண்ணெய் விற்கத் தொடங்குபவர்கள் அனுபவித்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள். 15 லிட்டர் கேனைக் காலையில் கழுத்து வரை நிரப்பி மூடி, மதியம் வேனில் 45 டிகிரி சூட்டில் ஏற்றினால், உள்ளே கிட்டத்தட்ட 190 மில்லி அதிகமாக இடம் கேட்கும். கேன் உப்பும், மூடி ஓரமாக எண்ணெய் கசியும். வாடிக்கையாளர் கையில் அது ‘ஒழுகின கேன்’. கழுத்துக்குக் கீழே இரண்டு விரல் இடைவெளி விட்டு, எடை பார்த்து நிரப்பினால் இந்தத் தொல்லை இல்லை.

வாணலியிலும் இதே கதைதான். ஒரு லிட்டர் எண்ணெய் 180 டிகிரி வரும்போது பத்து சதவீதத்துக்கு மேல் விரிந்திருக்கும். வடை போட்டதும் எழும் நுரை அதற்கு மேல். வாணலியில் பாதிக்கு மேல் எண்ணெய் ஊற்றாதே என்று பெரியவர்கள் சொல்வதில் இந்தக் கணக்கும் இருக்கிறது.

தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரிக்குக் கீழே உறையும். உறையும்போது சுருங்கும், பாட்டிலின் நடுவில் குழி விழும். கோவையிலும் ஊட்டியிலும் டிசம்பர், ஜனவரியில் ‘எண்ணெய் குறைவாக இருக்கிறது’ என்று கடைக்காரரிடம் பாட்டிலை நீட்டுபவர்கள் உண்டு. வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை வைத்து உருக்கிவிட்டுப் பாருங்கள், மட்டம் திரும்பிவிடும். உறைந்த எண்ணெயைக் கப்பில் அள்ளி அளக்கவே கூடாது. கட்டிகளுக்கு நடுவே காற்று நிற்கும், ஒரு கப் என்று நினைப்பது முக்கால் கப்பாக இருக்கும். தராசில் வையுங்கள், அல்லது உருக்கிவிட்டு அளங்கள்.

விலையை ஒப்பிடும் முறை

அளவை மாற்றத் தெரிந்தவரும் விலையில் சறுக்குவார். காரணம், விலை எதிர்த்திசையில் போகும். ஒரு கிலோவில் எண்ணெய் அதிகம், எனவே ஒரு கிலோவின் விலை ஒரு லிட்டரின் விலையைவிட அதிகமாக இருப்பதுதான் நியாயம்.

ஒரு செக்குக்காரர் கடலை எண்ணெய் லிட்டர் 260 ரூபாய் என்கிறார். அடுத்த தெருவில் கிலோ 280 ரூபாய். முதல் பார்வைக்கு 260 மலிவு. இப்போது கிலோ விலையை லிட்டர் விலையாக மாற்றுங்கள்: 280-இல் பத்தில் ஒன்றான 28-ஐக் கழித்தால் 252, அந்த 28-இல் பத்தில் ஒன்றான 2.80-ஐக் கூட்டினால் 254 ரூபாய் 80 காசு. ஆக, 280 என்று சொன்னவரிடம்தான் லிட்டருக்கு ஐந்து ரூபாய் குறைவு. லிட்டர் விலையைக் கிலோ விலையாக்க, பத்தில் ஒன்றைக் கூட்டுங்கள்: 260 + 26 = 286.

பேச்சில் வரும் இன்னொரு குழப்பம்: ‘ஒரு கிலோ எண்ணெய் கொடுங்க’ என்று கேட்டு லிட்டர் பாக்கெட்டை வாங்கிப் போவது. பழைய பழக்கத்தில் கிலோ என்று சொல்கிறோம், கடைக்காரரும் எதிர்ப்பேச்சு பேசாமல் லிட்டரை எடுத்துத் தருகிறார். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, லிட்டருக்கான விலையைத்தான் வாங்குகிறார். ஆனால் அதை ஒரு கிலோ என்று நினைத்து மாதக் கணக்கு போட்டால், மூன்று பாக்கெட்டில் 270 கிராம் குறைவாக வரும்.

பாக்கெட்டில் என்ன பார்ப்பது

எண்ணெயை இன்ன அளவுகளில்தான் அடைக்க வேண்டும் என்று முன்பு விதி இருந்தது. அது நீங்கிய பிறகு 800, 840, 850, 870 என்று விதவிதமான பாக்கெட்டுகள் வந்துவிட்டன. எண்ணுக்குப் பக்கத்தில் இருப்பது ‘கி.’யா ‘மி.லி.’யா என்பதைப் பாருங்கள். 850 மில்லி என்றால் உள்ளே 774 கிராம். 850 கிராம் என்றால் 934 மில்லி. இரண்டிலும் 850 என்று கொட்டை எழுத்தில் இருக்கும், பவுச்சின் அகலமும் ஏறத்தாழ ஒன்றுதான், நடுவில் 84 மில்லி வித்தியாசம்.

ஒரு அலகுக்கு என்ன விலை என்பதையும் இப்போது பாக்கெட்டில் அச்சிட வேண்டும். ஒரு கிலோவுக்கு அல்லது ஒரு லிட்டருக்குக் குறைந்த பாக்கெட் என்றால் ஒரு கிராமுக்கு அல்லது ஒரு மில்லிக்கு இத்தனை ரூபாய் என்று வரும். ஒன்றில் மில்லிக்கு 0.17 ரூபாய், இன்னொன்றில் கிராமுக்கு 0.18 ரூபாய் என்று இருந்தால், முதலாவதைக் கிராமுக்கு மாற்றுங்கள்: 0.17-ஐ 0.91-ஆல் வகுத்தால் 0.187. கிராமில் விற்பதுதான் மலிவு. ஆனால் இந்த எண்ணை ரொம்ப நம்பவும் முடியாது. இரண்டு தசம இடத்துக்கு முழுமையாக்கிப் போடுவதால், 0.17 என்று அச்சிட்டிருப்பது 0.165 ஆகவும் இருக்கலாம், 0.174 ஆகவும் இருக்கலாம். லிட்டருக்கு அது ஒன்பது ரூபாய் வித்தியாசம். எனவே அதிகபட்ச சில்லறை விலையைக் கிராம் எண்ணால் நேரடியாக வகுத்து ஆயிரத்தால் பெருக்கிப் பார்ப்பதே சரி. கைப்பேசியில் பத்து வினாடி வேலை.

செக்கிலிருந்து எடுத்து வரும்போது

சொந்தமாகக் கடலையோ எள்ளோ வாங்கிக் கொடுத்து ஆட்டி வருபவர்களுக்கு இந்தப் பகுதி. தரமான நிலக்கடலைப் பருப்பு 10 கிலோ போட்டால் மரச்செக்கில் ஏறத்தாழ 4 முதல் 4.5 கிலோ எண்ணெய் வரும், மீதி பெரும்பாலும் பிண்ணாக்கு. லிட்டரில் சொன்னால் 4.4 முதல் 4.9. ஐந்து லிட்டர் கேன் கொண்டுபோய், ‘கேன் நிறையவில்லை, எண்ணெயை எடுத்துவிட்டார்கள்’ என்று சந்தேகப்பட வேண்டாம். எள்ளுக்குக் கருப்பட்டி சேர்த்து ஆட்டுவார்கள். அந்த எடை பிண்ணாக்கோடு போய்விடும், அதை எள்ளின் எடையோடு சேர்த்து எண்ணெய்க் கணக்கு பார்க்கக் கூடாது.

எப்போது அளக்கிறீர்கள் என்பது இங்கே முக்கியம். செக்கிலிருந்து வழியும் எண்ணெய் கையில் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும், மேலே மெல்லிய நுரை நிற்கும், கலங்கலாகப் பழுப்பு நிறத்தில் இருக்கும். அந்த நிலையில் லிட்டர் அளவையில் ஊற்றினால் மூன்று விதத்தில் தப்பு வரும். சூட்டில் விரிந்திருப்பதால் லிட்டருக்கு 7 முதல் 10 கிராம் குறையும். நுரை இடத்தை அடைக்கும். கலங்கலில் இருக்கும் பருப்புத் துகள் எண்ணெயாகக் கணக்கில் ஏறும், இரண்டு மூன்று நாள் வெயிலில் வைத்துத் தெளிந்த பிறகு அடியில் மண்டியாகப் படியும். தராசில் வைத்தால் முதல் இரண்டும் தீர்ந்தன. மண்டிக் கணக்கு தெளிந்த பிறகுதான் தெரியும், எனவே விற்பனைக்கு ஆட்டுபவர்கள் தெளிந்த எண்ணெயின் எடையை வைத்தே விலை போட வேண்டும். ஆட்டிய அன்றைய எடையை வைத்து விலை போட்டால் மண்டியின் எடை கைநஷ்டம்.

காலிக் கேனை முதலில் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு, பிறகு ஊற்றச் சொல்லுங்கள். ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேனே நூறு, இருநூறு கிராம் இருக்கும். கேனோடு நிறுத்தால் கடலை எண்ணெய் விலையில் பிளாஸ்டிக்கை வாங்குகிறீர்கள்.

லிட்டர் அளவையில் ஊற்றும் கடைகளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எண்ணெய் பிசுபிசுப்பானது, கவிழ்த்தவுடன் முழுக்க இறங்காது. அளவையை அவசரமாக நிமிர்த்திவிட்டால் சில மில்லி அதன் சுவரில் தங்கிவிடும். ஒழுக்கு நூலாகி, சொட்டாக மாறும்வரை கவிழ்த்தே பிடித்திருக்க வேண்டும். அளவையின் அடி நசுங்கியிருந்தாலும் கணக்கு கெடும். அதில் அரசு முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

டின் என்றால் எந்த டின்?

விசேஷத்துக்கு எண்ணெய் வாங்கும்போது அதிகம் ஏமாறும் இடம் இது. சந்தையில் 15 கிலோ டின்னும் உண்டு, 15 லிட்டர் டின்னும் உண்டு. சமையல்காரர் ‘ரெண்டு டின்’ என்று எழுதும்போது பெரும்பாலும் மனதில் இருப்பது 15 கிலோ. நீங்கள் 15 லிட்டர் டின் இரண்டு இறக்கினால் 2 கிலோ 700 கிராம் குறையும், அதாவது மூன்று லிட்டர். அப்பளம் பொரிக்கிற நேரத்தில்தான் தெரியவரும். சீட்டு வாங்கும்போதே ‘கிலோ டின்னா, லிட்டர் டின்னா?’ என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கடையில் வாங்கும்போது டின்னின் பக்கவாட்டில் நிகர எடை என்ன என்று பாருங்கள். 13.65 கிலோ என்றிருந்தால் அது லிட்டர் டின்.

டின்னைத் தராசில் வைத்துப் பார்ப்பவர்கள் தகரத்தின் எடையைக் கழிக்க மறக்கிறார்கள். காலி டின் ஏறக்குறைய ஒரு கிலோ வரும்.

அடுக்களையில்

தேக்கரண்டி 5 மில்லி, மேசைக்கரண்டி 15 மில்லி, கப் 240 மில்லி என்பவை அளவுக் கரண்டிகளுக்கு மட்டும் பொருந்தும். எண்ணெயில் அவை முறையே நாலரை, பதின்மூன்றரை, 218 கிராம். வீட்டுக் குழிக்கரண்டிக்கு ஊருக்கு ஓர் அளவு, கடைக்கு ஓர் அளவு. அதை நீங்களே ஒருமுறை அளந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

தராசில் ஒரு கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். குழிக்கரண்டியில் வழக்கமாக எப்படி எண்ணெய் எடுப்பீர்களோ அப்படியே எடுத்துப் பத்து முறை கிண்ணத்தில் ஊற்றுங்கள். வந்த கிராமைப் பத்தால் வகுங்கள். ஒரே ஒரு கரண்டி ஊற்றி அளந்தால் தராசின் ஒரு கிராம் பிழையே பெரிதாகத் தெரியும், பத்து முறை ஊற்றினால் அது கரைந்துவிடும். தண்ணீரில் அளந்து 0.91-ஆல் பெருக்கலாம், ஆனால் எண்ணெயிலேயே அளப்பது நல்லது. கரண்டியில் ஒட்டிக்கொண்டு திரும்பும் எண்ணெய் தானாகவே கணக்கில் கழிந்துவிடும்.

பழைய சமையல் குறிப்பில் ‘ஒரு ஆழாக்கு நல்லெண்ணெய்’ என்றிருந்தால் 168 மில்லி, அதாவது 153 கிராம் என்று எடுத்துக்கொள்ளலாம். உழக்கு அதன் இரண்டு மடங்கு. படி, ஆழாக்கு எல்லாம் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறியவை என்பதால், ஊறுகாய்க்கு மட்டும் கை தாராளமாக இருக்கட்டும். ஊறுகாயில் எண்ணெய் குறைந்தால் மேலே மிதக்கும் அடுக்கு மெலிந்து, வெளியே தலைகாட்டும் துண்டில் பூஞ்சை பிடிக்கும். ‘மாங்காய் ஒரு கிலோ, நல்லெண்ணெய் கால் கிலோ’ என்ற குறிப்புக்கு 250 மில்லி ஊற்றினால் 22 கிராம் குறைவு. 275 மில்லி ஊற்றுங்கள்.

கேக்கில் வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய் விடுபவர்களுக்கு: வெண்ணெயில் ஏறத்தாழ 80 சதவீதம்தான் கொழுப்பு. 100 கிராம் வெண்ணெய்க்கு 80 கிராம் எண்ணெய், அதாவது 88 மில்லி.

உடல் எடையைக் குறைக்கக் கலோரி எழுதுபவர்கள் செயலியில் ‘15’ என்று போடும்போது கிராமா மில்லியா என்று பார்க்க வேண்டும். கிராமுக்கு 9 கலோரி. மேசைக்கரண்டி எண்ணெய் 123 கலோரி, மில்லியைக் கிராமாக நினைத்தால் 135 என்று வரும். ஒரு குடும்பத்தின் செலவைக் கணக்கிட இன்னும் எளிய வழி இருக்கிறது. மாதம் 3 லிட்டர் ஆகிறது, வீட்டில் நால்வர் என்றால், 2730 கிராமை 4-ஆல் வகுத்து, பிறகு 30-ஆல் வகுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 23 கிராம்.

சோப்பு செய்பவர்கள் மில்லியைத் தொடவே வேண்டாம்

அடுக்களையில் பத்து சதவீதப் பிழை நாக்கோடு போய்விடும். வீட்டில் சோப்பு காய்ச்சுபவர்களுக்கு அது தோலில் காட்டும். ஒரு கிராம் தேங்காய் எண்ணெயைச் சோப்பாக்க 0.183 கிராம் காஸ்டிக் சோடா தேவை. 500 கிராமுக்கு 91.5 கிராம். பாதுகாப்புக்காக 5 சதவீதம் குறைத்து 87 கிராம் போடுவது வழக்கம், கொஞ்சம் எண்ணெய் சோப்பாகாமல் மிஞ்சித் தோலுக்கு மென்மை தரும்.

இப்போது 500 கிராமுக்குப் பதில் 500 மில்லி ஊற்றிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதன் எடை 457 கிராம்தான். அதற்கு முழுக்க வேண்டியதே 83.7 கிராம் காஸ்டிக் சோடா. நீங்கள் போட்டதோ 87. மூன்று கிராமுக்கு மேல் காஸ்டிக் சோடா எண்ணெய் கிடைக்காமல் சோப்புக்குள் நிற்கும், தோலை அரிக்கும். 5 சதவீதப் பாதுகாப்பு விளிம்பை எட்டரை சதவீத அளவுப் பிழை விழுங்கிவிட்டது. இந்த வேலைக்கு எண்ணெய், சோடா, தண்ணீர் மூன்றையும் ஒரே தராசில் கிராமில் நிறுங்கள். ‘அரை லிட்டர் தேங்காய் எண்ணெய்’ என்று தொடங்கும் சோப்புக் குறிப்பை மூடிவைத்துவிடுவது உத்தமம்.

உங்கள் எண்ணெய்க்கு உரிய எண்ணைக் கண்டுபிடிக்க

910 என்பது பொது எண். எண்ணெய் விற்பவர், பெரிய சமையலறை நடத்துபவர் ஆகியோர் தங்கள் சரக்குக்கு உரிய எண்ணைத் தாங்களே கண்டுபிடிக்கலாம். ஒரு கிராம் துல்லியம் காட்டும் தராசும், குறுகிய கழுத்துள்ள ஒரு லிட்டர் பாட்டிலும் போதும். அகன்ற பாத்திரம் கூடாது. எட்டு சென்டிமீட்டர் அகலப் பாத்திரத்தில் மட்டம் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் 5 மில்லி தவறும், இரண்டரை சென்டிமீட்டர் கழுத்தில் அரை மில்லிதான் தவறும்.

1. காலிப் பாட்டிலை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். 42 கிராம் என்று வைப்போம்.

2. கழுத்தில் ஒரு கோடு போட்டு, அறைச் சூட்டில் உள்ள தண்ணீரைக் கோடு வரை நிரப்பி நிறுங்கள். 1040 கிராம் என்றால் தண்ணீர் 998 கிராம். 30 டிகிரியில் ஒரு மில்லி தண்ணீர் 0.9957 கிராம். எனவே பாட்டிலின் கொள்ளளவு 998-ஐ 0.9957-ஆல் வகுத்து 1002.3 மில்லி.

3. தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பாட்டிலை நன்றாகக் காயவிடுங்கள். உள்ளே தங்கும் சில சொட்டுகளும் விடையைக் கெடுக்கும். அவசரத்துக்கு அடுப்புப் பக்கம் வைத்தால் பாட்டில் நெளிந்து கொள்ளளவே மாறிவிடும்.

4. தெளிந்த எண்ணெயைப் புனல் வழியே, சுவரோடு ஒட்டி வழியுமாறு மெதுவாக ஊற்றுங்கள். கால் மணி நேரம் அப்படியே விட்டுக் காற்றுக் குமிழ் மேலே வந்ததும் கோடு வரை சரிசெய்து நிறுங்கள். 953 கிராம் என்றால் எண்ணெய் 911 கிராம்.

5. 911-ஐ 1002.3-ஆல் வகுங்கள். 0.909. அந்தச் சரக்குக்கு, அந்தச் சூட்டுக்கு லிட்டருக்கு 909 கிராம்.

விடை 0.90-க்குக் கீழேயோ 0.93-க்கு மேலேயோ போனால் எண்ணெயைச் சந்தேகிக்கும் முன் பாட்டிலைச் சந்தேகியுங்கள். தண்ணீர் தங்கியிருக்கும், அல்லது எண்ணெய் சூடாக இருந்திருக்கும். இதை வைத்துக் கலப்படம் கண்டுபிடிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். முடியாது. கடலை எண்ணெய்க்கும் பாமாயிலுக்கும் இடையே லிட்டருக்கு நாலு கிராம்தான் வித்தியாசம், வீட்டுத் தராசு அதைப் பிரித்துச் சொல்லாது.

பாக்கெட் குறைகிறது என்று தோன்றினால்

பிரிக்காத பாக்கெட்டை நிறுங்கள். எண்ணெயைப் பாத்திரத்தில் ஊற்றி, பவுச்சைத் தலைகீழாகத் தொங்கவிட்டு வடித்து, காலிப் பவுச்சை நிறுத்துக் கழியுங்கள். வந்த கிராமைப் பாக்கெட்டில் அச்சிட்ட கிராமோடு ஒப்பிடுங்கள், மில்லியோடு அல்ல. ஒரு லிட்டர் பாக்கெட்டைத் தராசில் வைத்து ‘910 தான் காட்டுகிறது, 90 கிராம் திருட்டு’ என்று பொங்குபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பொட்டலப் பொருள் விதிகளில் 500-க்கு மேல் 1000 வரையான கிராம் அல்லது மில்லிக்கு 15 வரை பிழை பொறுத்துக்கொள்ளப்படுகிறது. ஒரு பாக்கெட்டில் பத்து கிராம் குறைந்தால் அது இயந்திரத்தின் தடுமாற்றமாக இருக்கலாம். வாங்கும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் குறைந்தால், அல்லது ஒன்றிலேயே 15-ஐத் தாண்டினால், பில்லையும் பிரிக்காத இன்னொரு பாக்கெட்டையும் பத்திரப்படுத்திக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தைச் செயல்படுத்துவது தொழிலாளர் துறை. மாவட்டத்தில் அதன் அமலாக்கப் பிரிவு உதவி ஆணையர் அலுவலகத்தில் எழுத்தில் கொடுக்கலாம். பாக்கெட்டின் தொகுதி எண், அடைத்த மாதம், அச்சிட்ட எடை, நீங்கள் நிறுத்த எடை ஆகிய நான்கையும் புகாரில் எழுதுங்கள். பிரித்த பாக்கெட்டை மட்டும் கொண்டுபோனால் யாராலும் எதையும் நிரூபிக்க முடியாது.